வீட்டுல ஈரத்துக்கு வர்ற பூச்சிங்க: எது எதுன்னு பார்த்து அடக்குறது எப்படி

பாத்ரூம் சுவத்துல சாம்பல் கலர்ல குட்டியா ஒரு ஈ ஒட்டிக்கிட்டு இருக்கும், கைய கிட்ட கொண்டு போனா லேசா எழும்பி ஒரு சாண் தள்ளி திரும்ப உக்காந்துக்கும். பழைய புத்தகத்த பிரிச்சா வெள்ளி மாதிரி மினுமினுன்னு ஒண்ணு வழுக்கிக்கிட்டு ஓடும். தொட்டிச் செடிக்கு தண்ணி ஊத்துன உடனே மண்ணுலேருந்து பொடிசு பொடிசா கருப்பா கிளம்பி முகத்துல வந்து மோதும். இது மூணும் வேற வேற பூச்சி, மூணுக்கும் ஈரம் வேணும், ஆனா மூணும் ஒரே ஈரத்த தேடி வரல. ஒண்ணுக்கு தண்ணி போற குழாய்க்குள்ள ஒட்டியிருக்க வழவழப்பு வேணும், இன்னொண்ணுக்கு காத்துல இருக்க ஈரப்பதம் வேணும், மூணாவதுக்கு ஈர மண்ணு வேணும். அதனால எந்தப் பூச்சி வந்திருக்குன்னு தெரிஞ்சா எந்த மாதிரி ஈரம் எங்க இருக்குன்னு பாதி தெரிஞ்ச மாதிரி, ஈரம் எங்கன்னு தெரிஞ்சா மருந்துக்கான வேலையே பாதிக்கு மேல குறைஞ்சிடும்.

இத நான் கத்துக்கிட்டதுக்கு ஒரு புத்தக அலமாரிதான் காரணம். அதுல ராமபாணப் பூச்சி, அதாவது மேல சொன்ன வெள்ளி மாதிரி மினுக்குறது, வந்து பைண்டிங் ஓரத்த எல்லாம் சுரண்டி வச்சிருந்துச்சு. ஸ்ப்ரே அடிச்சேன், பாச்சை உருண்டை போட்டேன், ரெண்டு வாரம் நல்லா இருக்கும், திரும்ப வந்துடும், இப்படியே மாசக்கணக்குல ஓடுச்சு. கடைசியா ஒரு நாள் அலமாரியவே இழுத்துப் போட்டு பின்னாடி சுவத்த பார்த்தா தரையிலேருந்து முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா நிக்குது, விரல வச்சு அமுக்குனா சிமெண்ட் மாவு மாதிரி உதிருது, வெள்ளையா உப்பு பூத்திருக்கு. அந்த சுவத்துக்கு அந்தப் பக்கம் பாத்ரூம், அங்க சுவத்துக்குள்ள ஒரு குழாய் இணைப்பு சொட்டுச் சொட்டா கசிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. அத சரி பண்ணி, அலமாரிய சுவத்த விட்டு ஒரு கை அளவு தள்ளி வச்சு, சுவரு காயுறதுக்கு விட்டதுக்கு அப்புறம்தான் பூச்சி உண்மையிலேயே குறைஞ்சது.

சரி, இப்ப வரிசையா போவோம்.

முதல் வேலை: அடிக்கிறதுக்கு முன்னாடி புடிச்சுப் பாருங்க

பூச்சிய கண்ட உடனே செருப்பத் தூக்காதீங்க. ஒரு ரெண்டு மூணையாவது முழுசா புடிக்கணும். செல்லோ டேப்ப ஒட்டுற பக்கம் கீழ வர்ற மாதிரி புடிச்சு மெதுவா பூச்சி மேல வச்சா ஒட்டிக்கும், அத அப்படியே ஒரு வெள்ளை பேப்பர்ல ஒட்டி, எந்த ரூம்ல, எந்த மூலையில, எத்தனை மணிக்கு புடிச்சீங்கன்னு பக்கத்துலயே எழுதிடுங்க. போன் கேமராவ நல்லா ஜூம் பண்ணி ஒரு போட்டோ எடுத்தா கண்ணுக்குத் தெரியாத கால், மீசை எல்லாம் தெரியும். இந்த வகைப் பூச்சி முக்காவாசி ராத்திரி நடமாடுறதுதான், அதனால லைட் அணைச்சு ஒரு மணி நேரம் கழிச்சு டார்ச் எடுத்துக்கிட்டு பாத்ரூம், சிங்க் கீழ, அலமாரி பின்னாடி இதெல்லாம் ஒரு சுத்து சுத்தி வாங்க. பகல்ல ஒண்ணுமே இல்லன்னு நெனச்ச இடத்துல ராத்திரி ஒரு கூட்டமே இருக்கும்.

கூடவே ஒட்டுற பொறி அட்டை நாலஞ்சு வாங்கி சந்தேகம் இருக்க இடத்துலெல்லாம் சுவரோரமா வச்சிடுங்க. இது பூச்சிய ஒழிக்கிறதுக்கு இல்ல, எண்ணிப் பார்க்குறதுக்கு. எந்த அட்டையில அதிகமா விழுதோ ஈரம் அந்தப் பக்கம். ஒவ்வொரு அட்டை பின்னாடியும் தேதி எழுத மறக்காதீங்க, கடைசி வரைக்கும் இது தேவைப்படும்.

ரெண்டாவது: இது யாரு, எந்த ஈரத்துக்கு வந்துச்சு

ராமபாணப் பூச்சி. வெள்ளிமீன்னும் சொல்லுவாங்க. ஒரு செ.மீ. இல்லன்னா கொஞ்சம் கூட நீளம், தலைப்பக்கம் அகலமா வால் பக்கம் போகப் போக ஒல்லியா இருக்கும், பின்னாடி மூணு நூல் மாதிரி வால், இறக்கை கிடையாது, மீன் நெளியிற மாதிரியே ஓடும். 75 சதவீதத்துக்கு மேல ஈரப்பதம் இருந்தா அதுக்கு சொர்க்கம். பேப்பர், பசை, கஞ்சி போட்ட துணி, வால்பேப்பர் ஒட்டுன பசைன்னு மாவுச்சத்து இருக்கறத எல்லாம் சுரண்டும். மத்த பூச்சி மாதிரி சில வாரத்துல செத்துப் போற ஆள் இல்ல, வருஷக்கணக்குல உயிரோட இருக்கும், சாப்பாடே இல்லாம மாசக்கணக்குல தாங்கும், அதனால சாப்பாட்ட மறைச்சு வச்சு இத பட்டினி போட முடியாது, காத்த காய வைக்கிறதுதான் வழி.

புத்தகப் பேன். பேனுன்னு பேரு இருந்தாலும் தலைப் பேனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, கடிக்காது, ரத்தம் குடிக்காது. ஒண்ணு ரெண்டு மில்லி மீட்டர்தான், வெளுத்த பழுப்பு கலர், பழைய பேப்பர் மேல தூசி நகர்ற மாதிரி தெரியும். தூசின்னு ஊதிவிடப் போவீங்க, அது நின்னு திரும்பி எதிர்ப்பக்கம் ஓடும், அப்பதான் பூச்சின்னே தெரியும். இது சாப்பிடுறது முக்கியமா பேப்பர் மேல படிஞ்ச கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை. இதுக்கு தண்ணி குடிக்க வேண்டிய அவசியம்கூட இல்ல, காத்துல இருக்க ஈரத்தையே உடம்புக்குள்ள இழுத்துக்கும், ஆனா ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழ தொடர்ந்து இருந்தா காஞ்சே செத்துடும். புதுசா கட்டுன வீட்டுல பூச்சு முழுசா காயாத சுவத்துல இது கூட்டமா வரும், புது வீட்டுல போய் பேனான்னு பயந்துடாதீங்க, சுவரு காய காய போயிடும்.

ஸ்பிரிங்டெயில். தமிழ்ல எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு இதுக்கு இல்ல. ஒண்ணு ரெண்டு மில்லி மீட்டர் அளவு, சாம்பல் இல்லன்னா கருப்பு, விரல கிட்ட கொண்டு போனா டக்குனு காணாமப் போகும். ஓடல, துள்ளியிருக்கு. வயித்துக்கு அடியில கவை மாதிரி ஒரு வால மடிச்சு கொக்கி போட்டு வச்சிருக்கும், கொக்கிய விட்டா அது தரைய அறைஞ்சு உடம்ப தூக்கி எறியும். தெள்ளுப் பூச்சின்னு நெனச்சு நெறைய பேர் பயப்படுறாங்க, ஆனா தெள்ளு பக்கவாட்டுல தட்டையா கெட்டியா இருக்கும், நசுக்குனாலும் லேசுல நசுங்காது, இது மெத்துன்னு இருக்கும், தொட்டாலே நசுங்கிடும். ஆறு கால் இருந்தாலும் விஞ்ஞானிங்க இத பூச்சி வகையில சேர்க்குறதில்ல, தனி வகையா வச்சிருக்காங்க. தோல் வழியாவே உடம்புத் தண்ணி ஆவியாயிடும்ங்கறதால நல்ல ஈரம் இல்லாத இடத்துல இதால நிக்கவே முடியாது. அப்ப ஜன்னல் ஓரத்துலயோ சிங்க் பின்னாடியோ இது கூட்டமா இருந்தா அங்க கசிவோ பூஞ்சையோ இருக்குன்னு வச்சுக்கலாம்.

பாத்ரூம் ஈ. ஆரம்பத்துல சொன்ன சாம்பல் ஈ இதுதான். ரெண்டுலேருந்து அஞ்சு மில்லி மீட்டர், உடம்பு இறக்கை எல்லாம் பஞ்சு மாதிரி முடி, உக்காந்தா இதய வடிவத்துல இருக்கும், நசுக்குனா சுவத்துல சாம்பல் பொடி மாதிரி கறை விடும். இது பொறக்குற இடம் தண்ணி போற ஓட்டைக்குள்ள உள்சுவத்துல படிஞ்சிருக்க கொழகொழ படலம், அதாவது முடி, சோப்பு, அழுக்கு, பாக்டீரியா எல்லாம் கலந்து ஜெல்லி மாதிரி ஒட்டியிருக்குமே அது. முட்டை ரெண்டு நாள்ல பொரிஞ்சிடும், புழு அந்தப் படலத்துக்குள்ளயே ஒண்ணு ரெண்டு வாரம் வளரும், அப்புறம் கூட்டுப்புழு, அப்புறம் ஈ. பறக்குற ஈய நீங்க எத்தனை அடிச்சாலும் உள்ள அடுத்த செட் தயாராயிட்டே இருக்கும்.

இதே இடத்துல இன்னொரு ஈ வரும், முடி இருக்காது, முதுகு கூன் விழுந்த மாதிரி வளைஞ்சிருக்கும், கலைச்சா உடனே பறக்காம சுவத்துல விறுவிறுன்னு ஓடும். இது கூட்டமா வந்து, ஓட்டையெல்லாம் சுத்தம் பண்ணியும் நிக்கலன்னா கொஞ்சம் கவலைப்பட வேண்டிய விஷயம், தரைக்கு அடியில போற கழிவுநீர் குழாய் எங்கயாவது உடைஞ்சு மண்ணுக்குள்ள கசியுதோன்னு பார்க்கணும். இத பிளம்பர்கிட்ட சொல்லும்போது, குழாய்க்குள்ள கேமரா விட்டுப் பார்க்க முடியுமான்னு கேளுங்க.

தொட்டி மண்ணு ஈ. கொசு மாதிரி நீளக் கால், கருப்பு உடம்பு, செடியச் சுத்தியே மெதுவா பறக்கும். புழு மண்ணோட மேல் ரெண்டு அங்குலத்துல இருக்கும், கண்ணாடி மாதிரி வெள்ளை உடம்பு, பளபளன்னு கருப்புத் தலை. மண்ணுல இருக்க பூஞ்சையத்தான் சாப்பிடும், ஆனா நெறைய ஆயிட்டா இளம் வேரையும் கடிக்கும்.

கரப்பான்ல ரெண்டு பேர பிரிச்சு பாருங்க, வைத்தியம் வேற வேற. செங்கல் கலர்ல நாலு செ.மீ. வரைக்கும் பெருசா இருந்தா அது சாக்கடை, குழாய் வழி வர்றது, வீட்டுக்குள்ள குடும்பம் நடத்துறதுன்னு கட்டாயம் இல்ல. ஒன்றரை செ.மீ. அளவுல வெளிர் பழுப்பா தலைக்குப் பின்னாடி ரெண்டு கருப்புக் கோடு இருந்தா அது வீட்டுக்குள்ளயேதான் பெருகுது, அதுவும் ஒரு முட்டைப் பையில 30, 40 குஞ்சு இருக்கும், அதனால ஒண்ண பார்த்தாலும் சும்மா விடக்கூடாது. கரப்பான் சாப்பாடு இல்லாம பல வாரம் தாங்கும், தண்ணி இல்லாம அவ்வளவு நாள் தாங்காது, ராத்திரி சிங்க்க துடைச்சு காய விடுங்கன்னு பெரியவங்க சொல்றதுல அவ்வளவு விஷயம் இருக்கு.

மரவட்டை, பூரான், தொட்டா உருண்டையா சுருட்டிக்கிற பூச்சி, இதெல்லாம் வெளியிலேருந்து வழி தவறி வர்றது. உருண்டையா சுருட்டிக்கிறது பூச்சியே இல்ல, நண்டு இறால் குடும்பம், செவுள் மாதிரி உறுப்பாலதான் மூச்சு விடுது, அதனால உலர்ந்த வீட்டுக்குள்ள ரொம்ப நேரம் தாங்காது. மரவட்டையும் அப்படித்தான், பெருக்கி வெளிய தள்ளுங்க, அது மேல மருந்த வீணாக்காதீங்க. வெறுங்கையால மட்டும் நசுக்காதீங்க, அது விடுற நீர் தோல்ல எரிச்சல் தரும், அந்தக் கையோட கண்ணத் தேய்ச்சா ரொம்ப எரியும். பூரான் கடிச்சா நல்லா வலிக்கும். அது வீட்டுக்குள்ள அடிக்கடி வருதுன்னா அது திங்கிறதுக்கு வேற பூச்சி உள்ள இருக்குன்னு அர்த்தம்.

கரையானுக்கு கீழ தனியா எழுதியிருக்கேன்.

மூணாவது: தண்ணி எங்கேருந்து வருதுன்னு தேடுறது

இதுதான் பெரிய வேலை, இதத்தான் எல்லாரும் தாண்டிப் போயிடுறாங்க. நான் சொல்ற வரிசையில செஞ்சு பாருங்க.

ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் ஒண்ணு வாங்குங்க, ஹைக்ரோமீட்டர்னு கேட்டா குடுப்பாங்க. ரூம் நடுவுல வச்சு ஒரு நாள், பூச்சி வர்ற மூலையில அலமாரிக்குப் பின்னாடி ஒரு நாள் வச்சு, காலைலயும் ராத்திரியும் எழுதி வைங்க. வீட்டுக்குள்ள 60 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும், 30லேருந்து 50க்குள்ள இருந்தா ரொம்ப நல்லது. ரூம் நடுவுல 55, மூலையில 75 காட்டுச்சுன்னா பிரச்சினை அந்த மூலையோடது, அங்க காத்து ஓடல, இல்லன்னா சுவத்துல ஈரம் இருக்கு. எல்லா இடத்துலயும் 75 காட்டுச்சுன்னா வீட்டோட காத்தே ஈரமா இருக்கு, அதுக்கு வைத்தியம் வேற.

சுவத்துல ஈரம்னு சந்தேகமா இருந்தா, உள்ளேருந்து ஊறுதா இல்ல காத்து ஈரம் குளிர்ந்து படியுதான்னு கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கு. அந்த இடத்த நல்லா துடைச்சு காய வச்சு, ஒரு அடி சதுரத்துக்கு அலுமினிய ஃபாயில நாலு ஓரமும் காத்துப் போகாம டேப் போட்டு ஒட்டிடுங்க. ரெண்டு நாள் கழிச்சு பிரிச்சுப் பாருங்க. சுவத்தப் பார்த்த பக்கம் ஈரமா இருந்தா சுவத்துக்குள்ளேருந்து தண்ணி வருது, குழாய் கசிவோ மழைத் தண்ணி ஊறலோ தரை ஓதமோ இருக்கும். ரூமப் பார்த்த பக்கம் முத்து முத்தா நின்னா அது காத்துல இருக்க ஈரம். முதல்ல இத தெரிஞ்சுக்காம வாட்டர் ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சிடாதீங்க, உள்ளேருந்து வர்ற ஈரத்துக்கு மேல பெயிண்ட் அடிச்சா ஈரம் உள்ளயே அடைஞ்சு வேற இடத்துல வெடிக்கும்.

கண்ணுக்குத் தெரியாத கசிவுக்கு தண்ணி மீட்டர் இருந்தா எல்லா குழாயையும் மூடி, ஃப்ளஷ்கூட பண்ணாம, ரீடிங்க எழுதிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாருங்க, நகர்ந்திருந்தா எங்கயோ போகுது. மீட்டர் இல்லாம மேல்தொட்டி இருந்தா, உள்ள வர்ற தண்ணிய மூடிட்டு மட்டத்துக்கு ஒரு குறி போட்டு ராத்திரி விட்டு காலைல பாருங்க. ஃப்ளஷ் டேங்க் சத்தமே இல்லாம ஒழுகும், டேங்க்ல கொஞ்சம் கலர் கலந்து விட்டு அரை மணி நேரத்துல கோப்பைக்குள்ள கலர் இறங்குதான்னு பார்த்தா தெரிஞ்சிடும். சிங்க் கீழ குழாய் இணைப்புல எல்லாம் காஞ்ச டிஷ்யூ பேப்பரால ஒரு சுத்து துடைச்சுப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாத சொட்டு பேப்பர்ல தெரியும். ஏசி தண்ணி வெளிய போற குழாய், ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்க தட்டு, வாஷிங் மெஷின் அடி, இது மூணும் யாரும் பார்க்காத இடம், மறக்காம பாருங்க.

ஈ வந்தா எந்த ஓட்டையிலேருந்துன்னு கண்டுபிடிக்க, ராத்திரி ஓட்டை காஞ்சதும் ஒவ்வொண்ணு மேலயும் டேப்ப ஒட்டுற பக்கம் கீழ பார்க்க குறுக்க ஒட்டி, காத்துப் போக கொஞ்சம் இடம் விட்டுடுங்க. காலைல எந்த டேப்ல ஈ ஒட்டியிருக்கோ அந்த ஓட்டைதான். ஒரு ராத்திரில ஒண்ணும் விழலன்னா மூணு நாலு ராத்திரி தொடர்ந்து வைங்க.

நாலாவது: காய வைக்கிறது

கசிவ அடைச்சிட்டா வேலை முடியல, ஊறின சுவரு காய வாரக்கணக்குல ஆகும், அது வரைக்கும் பூச்சி இருக்கத்தான் செய்யும், பொறுமையா இருக்கணும். அந்த சுவத்துல சாய்ச்சு வச்ச பெட்டி, பாய், அட்டைப் பெட்டி எல்லாத்தையும் எடுத்துடுங்க. அட்டைப் பெட்டி ஈரத்த உறிஞ்சி வச்சுக்கும், அதோட மடிப்பு இடுக்குல கரப்பானும் ராமபாணமும் சுகமா இருக்கும், பேப்பர் துணி எல்லாம் மூடி இறுக்கமா இருக்க பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாத்திடுங்க. ஆனா நமுத்துப் போன பேப்பர அப்படியே டப்பாவுல போட்டு மூடுனா உள்ளயே பூஞ்சை பூத்துடும், நல்லா காய வச்சுட்டு போடுங்க.

குளிச்சதுக்கு அப்புறம் எக்ஸாஸ்ட் ஃபேன இருபது முப்பது நிமிஷம் ஓட விடுங்க, தரையத் தள்ளி விட்டு காய வைங்க, மிதியடி துணிய தூக்கிக் காயப் போடுங்க. சமைக்கும்போது வர்ற ஆவி, வீட்டுக்குள்ள காயப் போடுற துணி, ரெண்டுமே காத்துல ஈரத்த ஏத்தும். ஜன்னல திறந்து வைங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, வெளிக்காத்து உலர்ந்து இருக்கும்போதுதான் அது சரி, மழை பெய்யும்போதும் வெளிய புழுக்கமா இருக்கும்போதும் திறந்தா ஈரத்த உள்ள கூப்பிட்ட மாதிரி ஆயிடும், அந்த நேரம் மூடி வச்சு ஏசியோ டீஹியுமிடிஃபையரோ (காத்துல இருக்க ஈரத்த இழுக்குற மெஷின்) ஓட்டுறதுதான் பலன் தரும்.

வெளிப்பக்கம் போய் வீட்ட ஒரு சுத்து சுத்துங்க. மழைத் தண்ணி குழாய் சுவரடியிலயே கொட்டுதா? அத ஒன்றரை ரெண்டு மீட்டராவது தள்ளிக் கொண்டு போய் விடணும். மண்ணு வீட்டப் பார்த்து சரிஞ்சிருக்கக் கூடாது, வெளிய பார்த்து சரியணும், மூணு மீட்டருக்கு 15 செ.மீ. இறக்கம் இருந்தா தண்ணி நிக்காம ஓடிடும். சுவரோட ஒட்டி குவிச்ச இலைக்குப்பை, விறகு, பழைய பலகை, செங்கல் குவியல் இதெல்லாம்தான் மரவட்டைக்கும் பூரானுக்கும் வீடு, தள்ளி வைங்க, விறகு தரையத் தொடாம மேடை மேல இருக்கட்டும். தண்ணி நிக்கிற தட்டு, வாளி, டயர் இருந்தா வாரத்துக்கு ஒரு தடவ கொட்டுங்க, கொட்டுறதோட விடாம உள்பக்கத்த நல்லா தேய்ச்சுக் கழுவணும், ஏன்னா டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு முட்டைய தண்ணி மட்டத்துக்கு மேல பாத்திரச் சுவத்துல ஒட்டி வைக்கும், காஞ்சாலும் மாசக்கணக்குல உயிரோட இருந்து அடுத்த தண்ணி பட்டதும் பொரிஞ்சிடும்.

அஞ்சாவது: மிச்சம் இருக்க பூச்சிய அடக்குறது

பாத்ரூம் ஈக்கு மருந்தே வேண்டாம், பிரஷ் போதும். ஓட்டை மூடிய கழட்டுங்க, அடியில தடவிப் பார்த்தா கருப்பா வழவழன்னு இருக்கும், அத கழுவுங்க. குழாய்க்குள்ள போற நீள பிரஷ் எடுத்து உள்சுவத்த சுத்திச் சுத்தி தேய்ச்சா கருப்பு ஜெல்லியும் முடியும் திரி திரியா வரும், டார்ச் அடிச்சு உத்துப் பார்த்தா அதுக்குள்ள நூல் மாதிரி புழு நெளியறதுகூட தெரியும். இத எடுக்காம மேல பிளீச் ஊத்துனா அது வழுக்கிக்கிட்டு கீழ போயிடும், படலம் அப்படியே இருக்கும். தேய்ச்சதுக்கு அப்புறம் என்சைம் இல்லன்னா நல்ல பாக்டீரியா கலந்த டிரெயின் கிளீனர் ஜெல்ல ராத்திரி ஊத்தி விட்டா மிச்ச அழுக்க கரைக்கும். மூணு நாளைக்கு ஒரு தடவ தேய்ச்சு, ரெண்டு மூணு வாரம் விடாம செய்யணும், ஏற்கனவே இருக்க ஈயெல்லாம் செத்துத் தீர அவ்வளவு நாள் ஆகும். கொதிக்கிற தண்ணிய பிளாஸ்டிக் குழாய்ல அடிக்கடி ஊத்தாதீங்க, இணைப்பு நெகிழ்ந்து புதுசா ஒரு கசிவு வந்துடும். யூஸ் பண்ணாத பாத்ரூம் இருந்தா வாரம் ஒரு தடவ அந்த ஓட்டையில ஒரு குவளை தண்ணி ஊத்துங்க, ஓட்டைக்குக் கீழ குழாய் வளைவுல நிக்கிற தண்ணி வத்திட்டா சாக்கடைக் கரப்பானும் நாத்தமும் நேரா மேல வந்துடும்.

ராமபாணத்துக்கு கண்ணாடி பாட்டில் பொறி அருமையா வேலை செய்யும். ஒரு ஜாடிக்கு வெளிப்பக்கம் மட்டும் பேப்பர் டேப் சுத்துங்க, உள்ள கொஞ்சம் மாவு போட்டு அலமாரி ஓரத்துல வைங்க. வெளிய டேப்ப புடிச்சு ஏறும், உள்ள விழுந்தா வழவழ கண்ணாடில ஏற முடியாது. பூச்சி புடிச்ச நல்ல புத்தகத்துக்கு மருந்து அடிக்காதீங்க, பிளாஸ்டிக் கவர்ல காத்த எடுத்துட்டு இறுக்கி மூடி, மைனஸ் 18 டிகிரி போற ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வைங்க. வெளிய எடுத்த உடனே கவர பிரிக்கக் கூடாது, ஒரு நாள் அப்படியே விட்டு ரூம் சூட்டுக்கு வந்ததும் பிரிக்கணும், இல்லன்னா குளிர்ந்த பேப்பர் மேல தண்ணி முத்து முத்தா படிஞ்சு திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்க வேண்டி வரும்.

பாச்சை உருண்டை பத்தி நான் கண்டிப்பா சொல்லணும். திறந்த அலமாரில, ரூம் மூலையில, பாத்ரூம்ல போட்டு வைக்கிறதுக்கானது இல்ல அது. அதுல இருக்க நாஃப்தலின் ஆவி கைக்குழந்தைங்களுக்கு ஆபத்து, அதுலயும் ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுவ காக்குற ஒரு என்சைம் பொறப்புலேயே குறைவா இருக்கறது) இருக்க குழந்தைங்களுக்கு ரத்தச் சிவப்பணுவே உடைஞ்சு போகும். அதுல வச்ச துணிய குழந்தைக்கு அப்படியே போட்டு விடாதீங்க. வீட்டுல குழந்தை இருந்தா அத வாங்காம இருக்கறதே நல்லது.

வீட்டுக்குள்ள பெருகுற சின்னக் கரப்பானுக்கு ஜெல் மருந்து. சிங்க் கீழ, கதவு கீல் ஓரம், ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம்னு பட்டாணில பாதி அளவு பொட்டுப் பொட்டா நெறைய இடத்துல வைங்க, ஒரே இடத்துல குவிக்காதீங்க. அதே இடத்துல ஸ்ப்ரேயும் அடிக்கக் கூடாது, வாசனைக்கு பயந்து கரப்பான் ஜெல்ல தொடாது, ரெண்டு காசும் வீண். போரிக் பவுடர் தூவுனா கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாத மாதிரி மெல்லிசா, குழந்தையும் வளர்ப்புப் பிராணியும் எட்டாத இடுக்குல மட்டும் தூவுங்க, குவியலா போட்டா கரப்பான் சுத்திப் போயிடும், நனைஞ்சா கட்டியாயிடும். சாக்கடைப் பெரிய கரப்பானுக்கு ஓட்டை மூடி, குழாய் சுவருக்குள்ள போற இடத்துச் சந்து, கதவுக்கு அடி இடைவெளி இத அடைச்சாலே முக்காவாசி நின்னுடும். ரூம் முழுக்க புகையா நிரப்புற டப்பா மருந்து வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன், அது இண்டு இடுக்குக்குள்ள போகாது, நீங்க படுக்குற மெத்தை மேலயும் தட்டு மேலயும்தான் படியும்.

தொட்டிச் செடிக்கு, மேல் ரெண்டு அங்குல மண்ணு காஞ்சதுக்கு அப்புறம்தான் அடுத்த தண்ணி, தட்டுல நிக்கிற தண்ணிய கொட்டிடணும். மஞ்சள் ஒட்டு அட்டைய மண்ணுக்குப் பக்கத்துல குத்தி வச்சா பறக்குறது ஒட்டிக்கும். அதுக்கும் அடங்கலன்னா பிடிஐங்கற பாக்டீரியா மருந்து கிடைக்கும், தண்ணில கலந்து மண்ணுல ஊத்துனா புழு சாகும். மூணு நாலு வாரம் திரும்பத் திரும்ப ஊத்துங்க.

புத்தகப் பேனுக்கும் ஸ்பிரிங்டெயிலுக்கும் வாக்யூம் பண்ணி, பூஞ்சைய துடைச்சு, காய வச்சா போதும். வேற எதுவும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை, தயவு செஞ்சு மனசுல வச்சுக்கோங்க. பிளீச்சோட டாய்லெட் கழுவுற ஆசிட கலக்கவே கலக்காதீங்க, ஒண்ணு ஊத்தி கழுவாம மேல இன்னொண்ணையும் ஊத்தாதீங்க, குளோரின் வாயு வரும், மூடின பாத்ரூம்ல அது உயிருக்கே ஆபத்து. அம்மோனியா இருக்க கிளீனரோடவும் பிளீச் சேரக் கூடாது.

கரையான்னு சந்தேகம் வந்தா

இதுல மட்டும் சொந்த வைத்தியம் பண்ணாதீங்க. மண்ணுக்கரையான் ஈர மண்ணுலேருந்து சுவத்துல பென்சில் தடிமனுக்கு மண்ணு வரி கட்டிக்கிட்டு ஏறும், உடம்பு காஞ்சு போகாம இருக்கறதுக்குத்தான் அந்தக் குழாய். அதுல நடுவுல ஒரு விரக்கடை மட்டும் உடைச்சு விட்டு சில நாள் கழிச்சுப் பாருங்க, திரும்ப அடைச்சிருந்தா உள்ள நடமாட்டம் இருக்கு. அடைக்கலன்னா இல்லவே இல்லன்னு முடிவு கட்டாதீங்க, வேற வழியா ஏறிக்கிட்டு இருக்கலாம். மரத்த தட்டிப் பாருங்க, உள்ள டொக்கு டொக்குன்னு வெறுமையா கேக்குதா, ஸ்க்ரூடிரைவர் நுனிய வச்சு அழுத்துனா உள்ள இறங்குதா?

மழைக்கு அப்புறம் லைட்ட சுத்தி இறக்கையோட வர்றது ஈசலா, இறக்கை முளைச்ச எறும்பான்னு பிரிச்சுப் பாருங்க. ஈசலுக்கு நாலு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பு தடிமனா இருக்கும், மீசை நேரா மணி கோத்த மாதிரி இருக்கும். எறும்புக்கு முன் இறக்கை நீளம், இடுப்பு ஒடுங்கியிருக்கும், மீசை முழங்கை மாதிரி மடங்கியிருக்கும். வெளிய லைட்டுக்கு வந்த ஈசல் பத்தி கவலைப்பட வேண்டியதில்ல, மூடின வீட்டுக்குள்ள ஜன்னல் ஓரத்துல உதிர்ந்த இறக்கை குவிஞ்சு கிடந்தா உடனே லைசன்ஸ் இருக்க ஆளக் கூப்பிடுங்க. கதவு நிலைக்கு அடியில சன்னமா மரத்தூள் கொட்டிக் கிடந்து பெரிய கருப்பு எறும்பு ராத்திரி நடமாடுனா அது ஈரத்துல உளுத்த மரத்த குடையுற எறும்பா இருக்கலாம், அங்கயும் மரம் எப்படி நனைஞ்சதுன்னு பார்க்கணும்.

வர்ற ஆள்கிட்ட என்ன பூச்சி, எங்கேருந்து வருது, என்ன மருந்து, எத்தனை நேரம் வீட்டுக்கு வெளிய இருக்கணும்னு கேளுங்க. எதையும் தேடிப் பார்க்காம நேரா ஸ்ப்ரேய தூக்குற ஆள அனுப்பிட்டு வேற ஆள பாருங்க. நீங்க டேப்ல ஒட்டி வச்ச பூச்சியையும் ஈரப்பத மீட்டர் குறிப்பையும் காட்டுனா அவருக்கும் வேலை சுலபம்.

எத்தனை நாள்ல தெரியும்

பொறி அட்டைய வாரத்துக்கு ஒரு தடவ எண்ணி எழுதுங்க. பாத்ரூம் ஈ மூணு வாரத்துலயும், மண்ணு ஈ ஒரு மாசத்துலயும் நல்லா குறைஞ்சிருக்கணும். புத்தகப் பேனும் ஸ்பிரிங்டெயிலும் அந்த இடம் காஞ்சதும் போயிடும். ராமபாணத்துக்கு ரெண்டு மூணு மாசம் குடுங்க, அது மெதுவா வளர்ற பூச்சி, மெதுவாத்தான் குறையும். ஒரு அட்டையில மட்டும் எண்ணிக்கை குறையாம நின்னா, அந்த அட்டைக்கு மேலயும் கீழயும் பின்னாடியும் ஒரு கை தூரத்துக்குள்ள ஃபாயில ஒட்டி திரும்ப ரெண்டு நாள் பாருங்க.